விலைக்கு வாங்கிய மகிழ்ச்சி: ஏமாற்றம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மகிழ்ச்சியை விலைக்கு வாங்க முடியுமா என்னும் வினா மிகப் பழையது. முடியாது என்பதே சமயங்களும் மெய்யியலாளரும் பெரும்பாலும் தந்த விடையாகும். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்த பெருவணிகங்களுள் ஒன்று, முடியும் என்னும் எடுகோளின் மீதே எழுந்து நிற்கின்றது. உல்லாசப் பயணத்துறை விற்பது விமான இருக்கையையும் கட்டிலையும் மூன்று வேளை உணவையும் மட்டுமன்று. இவை யாவும் கூடிய இடத்தே தோன்றும் எனக் கருதப்படும் ஒரு மனநிலையையே அது விற்கின்றது. ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, இரண்டு வார மகிழ்ச்சியை முன்கூட்டியே வாங்கிக் கொள்கின்றது. போய்ச் சேர்ந்த இடத்தில் அது கிட்டவில்லையெனின், அக்குடும்பம் இழந்தது யாது? அவ்விழப்பு அநீதியா, அன்றி வெறும் துரதிட்டமா? அநீதியெனின், அதற்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாக்கள் மேலோட்டமாக நோக்குவார்க்கு அற்பமானவையாகத் தோன்றக்கூடும். எனினும் வாக்குறுதி, ஆசை, நீதி, விருந்தோம்பல் ஆகிய பெரும்பொருள்கள் யாவும் இச்சிறு வினாவினுள்ளே வந்து சந்திக்கின்றன.

இதனை ஆராய்வதற்குப் பொருத்தமானதொரு வழக்கு இலங்கை மண்ணிலேயே தொடங்கியது. 1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த இளம் வணிகர் ஒருவர் தம் மனைவியோடும் சிறு பிள்ளைகளோடும் நான்கு வார ஓய்வுக்காக அன்று சிலோன் என வெளிநாட்டார் அறிந்த இத்தீவுக்கு வந்தார். கடுமையாக உழைத்துக் களைத்தவர் அவர். வெயிலில் சில வாரங்கள் கழிக்க விரும்பினார். தமக்கு வேண்டியவற்றைப் பயண நிறுவனத்துக்குக் கடிதமாகவும் எழுதி உறுதிப்படுத்திக் கொண்டார். பிள்ளைகளின் அறைக்கும் பெற்றோரின் அறைக்கும் இடையே கதவு இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. முதலில் தெரிந்த ஹோட்டல் கட்டி முடியாமையால் வேறொரு ஹோட்டல் பரிந்துரைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,200 பவுண் செலவில் யாவும் ஒழுங்காயின.

வந்து சேர்ந்த குடும்பம் கண்டது வேறு. இடைக்கதவு இல்லை. பிள்ளைகளுக்கென ஒதுக்கிய அறையின் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. குளியல் தொட்டி இல்லை, கழிப்பறை கறைபட்டிருந்தது. விளம்பரத்திற் கூறப்பட்ட நீச்சற் குளமும் சிறு கோல்ஃப் திடலும் அழகுநிலையமும் அங்கு இருக்கவில்லை. பிள்ளைகளை அவ்வறையிற் படுக்கவிட அஞ்சிய பெற்றோர், முதல் மூன்று நாட்களும் முழுக் குடும்பத்தையும் ஒரே அறைக்குள் அடக்கிக்கொண்டனர். உணவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அது தேங்காயெண்ணெயிற் சமைக்கப்பட்டதாகத் தோன்றியது என்பது முறைப்பாடுகளுள் ஒன்று. இரு வாரங்களின் பின் மற்றைய ஹோட்டலுக்கு மாறியபோது, அங்கு கட்டட வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. நாடு திரும்பிய தந்தை வழக்குத் தொடுத்தார். ‘ஜாக்சன் எதிர் ஹொறைசன் ஹொலிடேஸ்’ என 1975ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்று, ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவர் யாவரும் அறிந்ததாகிய வழக்கு இதுவே. அவருக்கு 1,100 பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தொகையை உறுதி செய்தது.

மன வருத்தத்துக்குப் பணம் கொடுக்க ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் தயங்கியே வந்துள்ளது. 1875ஆம் ஆண்டின் ஒரு வழக்கு இதற்குச் சான்றாகும். நள்ளிரவுப் புகைவண்டியில் ஏறிய ஒருவர், மனைவி பிள்ளைகளோடு தவறான நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். தங்குவதற்கு விடுதியுமில்லை, செல்வதற்கு வண்டியுமில்லை. தூறல் மழையில் நாலைந்து மைல் நடந்தே அக்குடும்பம் வீடு சேர்ந்தது. நடந்த வசதியீனத்துக்கு 8 பவுண் பெறலாம் என்றது நீதிமன்றம். ஆனால் வெறும் எரிச்சலும் ஏமாற்றமும் நட்டஈட்டுக்கு உரியனவல்ல என்னும் கருத்தும் அங்கேயே வெளியிடப்பட்டது. காலுக்கு நேர்ந்த துன்பம் கணக்கில் வந்தது. மனத்துக்கு நேர்ந்தது வரவில்லை.

ஏறத்தாழ நூறாண்டுகளின் பின் 1972இல் இந்நிலை மாறியது. சுவிற்சலாந்தின் மலைக் கிராமமொன்றில் கிறிஸ்மஸ் விடுமுறையைக் கழிக்கச் சென்ற ஒரு சட்டத்தரணிக்கு, ‘வீட்டு விருந்து’ போன்ற கலகலப்பான கூட்டம் உறுதியளிக்கப்பட்டிருந்தது. முதல் வாரம் பதின்மூன்று பேர் இருந்தனர். இரண்டாம் வாரம் அவர் ஒருவரே விருந்தினர். மலைநாட்டுப் பாடல் பாட வந்தவர் வேலையுடுப்போடு வந்து, சில பாடல்களை விரைந்து பாடிவிட்டுப் போனார். கொடுத்த 63 பவுண் 45 பென்சில் ஏறத்தாழ அரைவாசியைக் கீழ்நீதிமன்றம் திருப்பியளித்தது. டெனிங் பிரபு முதலிய மேன்முறையீட்டு நீதியரசர்கள் அதனை 125 பவுணாக உயர்த்தினர். செலுத்திய விலையைவிட நட்டஈடு பெரிது என்பது கவனிக்கத்தக்கது. விற்கப்பட்ட பொருள் இன்பமே எனின், இன்பம் கிடைக்காமையே உடைந்த பொருள் என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

இங்கு முதலாவது மறுப்பு எழுகின்றது. ஏமாற்றம் என்பது ஆசையின் பிள்ளை. ஆசை கொண்டவனே அதற்குப் பொறுப்பு எனலாம். ஸ்தோயிக் மெய்யியலாளர் இவ்வாறே சிந்தித்தனர். பயணம் மனத்துயரை ஆற்றாது, போகுமிடமெல்லாம் மனிதன் தன்னையே சுமந்து செல்கின்றான் எனச் செனெக்கா ஒரு கடிதத்தில் எடுத்துக்காட்டினார். வேட்கையே துன்பத்தின் ஊற்று என்பது பௌத்தத்தின் அடிப்படைப் போதனை. இவற்றில் உண்மை உண்டு. சிறந்த ஹோட்டலிற் சிறந்த அறையைப் பெற்றும் சண்டையிட்டுக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் உள. அவர்களது துயருக்கு எந்நிறுவனத்தையும் குறைகூற முடியாது.

ஆயினும் இம்மறுப்பு இருவகை எதிர்பார்ப்புகளை ஒன்றாகக் கருதி மயங்குகின்றது. மனிதன் தானாகவே வளர்த்துக்கொள்வது ஒருவகை. பிறனொருவன் தன் ஆதாயத்தின் பொருட்டு அவனுள் விதைப்பது மற்றொரு வகை. நீலக் குளத்தின் படத்தை அச்சிட்டுக் காட்டி, அதற்கென விலையும் பெற்றுக்கொண்டவன், ‘நீ ஆசைப்பட்டது உன் தவறு’ எனக் கூறும் உரிமையை இழந்துவிடுகின்றான். துறவி கூறினால் அஃது அறிவுரை. வணிகன் கூறினால் ஏய்ப்பு. ஒரே வாக்கியம் கூறுவோனைப் பொறுத்து அறமாகவும் அறமின்மையாகவும் மாறுவதை இங்கே காணலாம். ஆகவே ஏமாற்றத்தின் அநீதி வருத்தத்தின் அளவிலே தங்கியதன்று. அது வாக்குறுதியின் முறிவிலே தங்கியது. வருத்தம் அம்முறிவின் விளைவு மாத்திரமே.

இரண்டாவது மறுப்பு இதனினும் கூர்மையானது. உலகிற் பசியும் போரும் இருக்க, வசதிபடைத்தோரின் விடுமுறைக் குறைகளுக்காக நீதிமன்றங்கள் கூடுதல் வெட்கமல்லவா என்பது அது. மேற்கூறிய குடும்பம் திரும்பிச் சென்ற சில வாரங்களில், 1971 ஏப்பிரலில், இத்தீவின் தென்பகுதியில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. வேலையின்றி, எதிர்காலமின்றி வாடிய கிராமத்து இளைஞர் பல்லாயிரவர் அதிற் பங்குகொண்டனர், உயிரிழந்தோர் பலர். அவர்களுக்கும் வாக்குறுதிகள் அளிக்கப்பட்டிருந்தன. கல்வி கற்றால் வாழ்வு உண்டு என்பதே அவ்வாக்குறுதி. அது முறிந்தபோது நட்டஈடு கோரிச் செல்வதற்கு அவர்களுக்கு எந்நீதிமன்றமும் இருக்கவில்லை. கடற்கரையிற் பூஞ்சணம் படர்ந்த அறைக்கு 1,100 பவுண். அக்கடற்கரைக்கு அப்பால் முறிந்த வாழ்வுக்கு ஒன்றுமில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது உள்ளம் கூசாதிருத்தல் அரிது.

இக்கூச்சம் நியாயமானதே. ஆனால் அது எதனை நிறுவுகின்றது என்பதை நிதானமாக நோக்குதல் வேண்டும். பெரிய அநீதி ஒன்று தீர்க்கப்படாதிருத்தல் சிறிய அநீதியை நீதியாக்கிவிடாது. அந்த இளைஞருக்குச் செவிசாய்க்க ஒரு மன்றம் இருந்திருக்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படுவது. இந்தத் தந்தைக்கு மன்றம் இருந்திருக்கக் கூடாது என்பதன்று. மேலும் விடுமுறை என்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. ஆண்டில் ஐம்பது வாரம் பிறர்க்காக உழைப்பவனுக்கு மிஞ்சிய இரு வாரங்களே அவனுடையவை. சுவிற்சலாந்து வழக்கிலும் அச்சட்டத்தரணிக்கு ஆண்டுக்கு இரு வார விடுமுறையே உண்டு என்பதை நீதிமன்றம் கருத்திற் கொண்டது. பணம் திரும்பலாம், அந்த இரு வாரம் திரும்பாது. தொழிலாளன் ஒருவனின் ஓய்வை அற்பமெனக் கருதுபவன், அவனது உழைப்பையும் மதித்தவனாகான்.

இனி, முறைப்பாட்டின் உள்ளடக்கத்தை நோக்குவோமாயின் முக்கியமானதொரு வேறுபாடு புலப்படும். பூஞ்சணமும் இல்லாத குளமும் ஒரு வகை. தேங்காயெண்ணெய் மற்றொரு வகை. முதலாவது எந்நாட்டிலும் குறையே. இரண்டாவதோ இத்தீவின் அடுக்களைகளில் அன்றாடம் மணப்பது. பலருக்குப் பிறந்த வீட்டின் நினைவையே தருவது. ஒருவனுக்கு வீடாக இருப்பது இன்னொருவனுக்கு முறைப்பாடாகின்றது. வேற்று நாட்டுக்குச் செல்பவன் அந்நாடு வேறாக இருப்பதைக் குற்றமாகக் கொள்வானாயின், அவன் பயணம் செய்யவே இல்லை எனலாம். தன் வீட்டையே வெயிலுள்ள இடத்துக்குப் பெயர்த்துவைக்க முயன்றவனாகின்றான். பயணி கடைப்பிடிக்க வேண்டிய கடமையொன்று இங்கு உண்டு. குறையையும் வேற்றுமையையும் பிரித்தறிதலே அது.

எனினும் இக்கடமையை அக்குடும்பத்தின் மீது மட்டும் சுமத்துவதும் முறையன்று. சிறு பிள்ளைகள் அறியாத சுவையை உண்ண மறுப்பர். பட்டினியாற் படுக்கும் பிள்ளையைப் பார்த்திருக்கும் தாய்க்குப் பண்பாட்டுச் சமத்துவம் பற்றிய விரிவுரை உதவாது. பழகிய உணவு கிடைக்கும் என்னும் நம்பிக்கை ஊட்டப்பட்டிருப்பின், அந்நம்பிக்கைக்கு விடைகூற வேண்டியவர் அதனை ஊட்டியவரே. சமையற்காரர் தமக்குத் தெரிந்ததைச் சமைத்தார். அவர் எவருக்கும் எதனையும் உறுதியளிக்கவில்லை.

இவ்விடத்திலேதான் இவ்வகை ஏமாற்றத்தின் தனித்தன்மை வெளிப்படுகின்றது. வாக்குறுதி அளித்தவர் ஒருவர். அதனை நிறைவேற்ற வேண்டியவர் வேறொருவர். இருவருக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல் கடல். இலண்டனில் அச்சான படம் கொழும்புக்கு அண்மையிலுள்ள கடற்கரையில் மெய்ப்பிக்கப்பட வேண்டும். மெய்ப்பிக்கப்படாதபோது விருந்தினரின் சினம் யார்மீது பாய்கின்றது? அருகில் நிற்பவர் மீதே. அறை கூட்டுபவர், உணவு பரிமாறுபவர், வரவேற்பு மேசையில் நிற்கும் இளம்பெண் ஆகியோரே அதனைத் தாங்கிக்கொள்கின்றனர். குளம் கட்டாமல் விடும்படி முடிவு செய்தவர்கள் அவர்களல்லர். குளம் உண்டென விளம்பரம் செய்தவர்களும் அல்லர். ஆயினும் முகம் வாடாது நின்று மன்னிப்புக் கேட்பதும் அவர்களது சம்பளத்துள் அடங்குகின்றது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்ச்சியையே தொழிலாக விற்கவேண்டிய இந்நிலையை விளக்கினார். வாங்கிய மகிழ்ச்சியின் மறுபுறத்தில் விற்ற புன்னகை உண்டு என்பது மறக்கற்பாலதன்று. அந்த வழக்கிற் சட்டம் பொறுப்பை வைத்தது வாக்குறுதி அளித்த நிறுவனத்தின் மீது. இதனைச் சட்டத்தின் நுட்பமாக மட்டுமன்றி, அறத்தின் விவேகமாகவும் கொள்ளலாம். சினங்கொண்ட விருந்தினர் யாவரும் அவ்விவேகத்தைப் பின்பற்றுவாராயின், உலகின் ஹோட்டற் கூடங்களிற் சிந்தும் கண்ணீர் பெரிதும் குறையும்.

அடுத்து ஆராயத்தக்கது குடும்பம் என்னும் பொருளாகும். ஒப்பந்தம் செய்தவர் தந்தை, ஏமாந்தோர் யாவரும். தந்தையின் மனவருத்தத்துக்கு மட்டும் 1,100 பவுண் மிகையானது, மனைவி பிள்ளைகளின் வருத்தத்தையும் சேர்த்தால் மிகையன்று என்றார் டெனிங் பிரபு. நண்பர்க்காக உணவகத்தில் விருந்து ஒழுங்கு செய்பவரையும், தேவாலயப் பாடகர் குழுவுக்காக வண்டி அமர்த்தும் போதகரையும் அவர் எடுத்துக்காட்டினார். பிறர்க்காக ஒப்பந்தம் செய்தவர் பிறரது இழப்புக்கும் ஈடு பெறலாம் என்னும் இவ்விளக்கத்தைப் பிரபுக்கள் சபை 1980இல் ஏற்கத் தயங்கியது. ஆனால் முடிவை அது தவறெனக் கூறவில்லை. அதே வழக்கில் நீதியரசர் ஜேம்ஸ் வேறு வகையாக நோக்கியிருந்தார். தந்தை வாங்கியது ஒரு குடும்ப விடுமுறை. அவருக்குக் கிடையாது போனதும் அதுவே என்பது அவர் நோக்கு.

அறவியல் நோக்கில் ஜேம்ஸின் கருத்தே ஆழமானதெனத் தோன்றுகின்றது. குடும்பத்தின் மகிழ்ச்சி, தனித்தனி மகிழ்ச்சிகளைக் கூட்டிப் பெறும் தொகையன்று. பிள்ளை கடலைக் கண்டு கூவும் கூச்சலே தாயின் இன்பம். அவ்விருவரையும் பார்த்திருத்தலே தந்தையின் இன்பம். துன்பமும் அத்தகையதே. ‘இவர்களை இங்கு கூட்டிவந்தவன் நான்’ என்னும் எண்ணம் பெற்றோரை வாட்டுவதுபோல அறையின் அழுக்கு வாட்டுவதில்லை. தான் செய்யாத குற்றத்துக்குத் தன் குடும்பத்தின் முன் குற்றவாளியாக நிற்கும் நிலையே, முறிந்த வாக்குறுதி அத்தந்தைக்குத் தந்த பெருந்துன்பம் எனலாம். இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம், இருவர் செய்யும் ஒப்பந்தம் மூன்றாமவர் ஒருவரின் நன்மைக்காக அமையலாம் என்பதை நெடுங்காலமாகவே ஏற்றுவந்துள்ளது. இங்கிலாந்தோ 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அத்தகையோர்க்குப் பொதுவான உரிமை வழங்கியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2002இல் வழங்கிய தீர்ப்பொன்று மேலும் ஒரு படி சென்றது. துருக்கியில் விடுமுறை கழிக்கச் சென்று, அங்கு உண்ட உணவால் நோயுற்ற ஒஸ்திரியச் சிறுமி ஒருத்தியின் வழக்கு அது. உடல் நோவுக்கு மட்டுமன்றி, இழந்த விடுமுறை இன்பத்துக்கும் ஈடு பெற அவளுக்கு உரிமையுண்டு என முடிவாயிற்று. தந்தையின் வாய்வழியாகவே பேசப்பட்டுவந்த பிள்ளையின் ஏமாற்றம் ஈற்றில் தன் பெயரிலேயே பேசலாயிற்று.

இனி எஞ்சுவது அளவிடும் சிக்கல். இழந்த மகிழ்ச்சியை எந்தக் கோலால் அளப்பது? ஜேர்மனியில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் வீணாகிய விடுமுறைக் காலத்துக்கு ஈடு கோரும் உரிமையை வழங்கியது. 1985இல் பிராங்பேட் நகர நீதிமன்றம் விலைக் குறைப்புக்கு வழிகாட்டும் பட்டியல் ஒன்றையும் ஆக்கி வெளியிட்டது. கடற்காட்சி இல்லையெனின் நூற்றுக்கு 5 முதல் 10 வரை. இரவில் இரைச்சலெனின் 10 முதல் 40 வரை. பூச்சி புழுவெனின் 10 முதல் 50 வரை என அது வகுத்தது. மனிதனின் ஏமாற்றம் விலைப்பட்டியலாக நிரற்படுத்தப்படுவதைக் காணும்போது நகைப்பும் திகைப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. விலை உடையனவும் மாண்பு உடையனவும் வேறு வேறு எனக் கான்ற் 1785இல் எழுதினார். விலை உடையதற்கு மாற்றாக வேறொன்றை வைக்கலாம். மாண்பு உடையதற்கு மாற்று இல்லை. மூன்று வயதுப் பிள்ளையோடு கடலோரம் கழிக்கவிருந்த மாலைப்பொழுதுக்கு மாற்று யாது? அடுத்த ஆண்டு செல்லலாம். அப்போது பிள்ளைக்கு வயது நான்கு.

ஆகவே பணம் இழப்பை ஈடுசெய்வதில்லை. ஆனால் அது வேறொரு பணியைச் செய்கின்றது. ‘உனக்கு நேர்ந்தது துரதிட்டமன்று, தவறு, அதனைச் செய்தவர் நாங்கள்’ என்னும் ஒப்புதலின் அடையாளமாக அது நிற்கின்றது. சொல்லால் மட்டும் கேட்கப்படும் மன்னிப்பு மலிவானது. விலை கொடுத்துக் கேட்கப்படுவது அத்துணை மலிவானதன்று. அவ்வகையில் நோக்குமிடத்து, பிராங்பேட் பட்டியல் மகிழ்ச்சியின் விலையைக் கூறவில்லை. பொய்யின் விலையையே கூறுகின்றது. பொய்க்கு விலை வைப்பதில் இழுக்கில்லை.

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல் புதுமை என்னும் பொருளில் தொல்காப்பியத்திலேயே ஆளப்பட்டுள்ளது. முன்னறியாத புதியவரே விருந்தினர். வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்து, விருந்தினரின் மென்மையை அனிச்ச மலரினும் நுண்ணியதாகக் காட்டினார். அப்பழைய விருந்தோம்பலில் விலை இல்லை. எனவே ஒப்பந்தமும் இல்லை, வழக்கும் இல்லை. இருந்ததைப் பகிர்ந்தான் விருந்து படைத்தவன். கிடைத்ததை மகிழ்ந்து ஏற்றான் விருந்தினன். 1966இல் உல்லாசப் பிரயாணச் சபை அமைக்கப்பட்ட காலந்தொட்டு இத்தீவும் விருந்தோம்பலை ஒரு தொழிலாக வளர்த்து வந்துள்ளது. அதிற் பழி யாதுமில்லை. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகின்றது. ஆனால் விலை பெறத் தொடங்கிய கணத்தில் அன்பின் சலுகைகள் நீங்கி, நேர்மையின் கடமைகள் வந்து சேர்கின்றன. ‘ஏழை வீட்டில் இவ்வளவுதான்’ என விருந்து படைப்பவன் கூறலாம். பணம் பெற்றவன் அதனை முன்னரே கூறியிருக்க வேண்டும்.

இதுவரை நோக்கியவற்றால் பெறப்படுவது வருமாறு: மகிழ்ச்சியை எவராலும் விற்க முடியாது, ஆகவே அது கிட்டாமைக்கு எவரும் முழுப் பொறுப்பாளியாகார். ஆனால் மகிழ்ச்சி தோன்றுதற்குரிய சூழலை உறுதியளித்து விலை பெற்றவர், அச்சூழலுக்குப் பொறுப்பாளியாவார். வாங்கியவர்க்கும் கடமை உண்டு. வேற்றுமையைக் குறையெனக் கொள்ளாமையும், வாக்குறுதி அளியாதவர் மீது சினங்கொள்ளாமையும் அக்கடமையின் இரு கூறுகள். அக்குடும்பத்துப் பிள்ளைகள் இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருப்பர். அவர்களுக்கு அந்நான்கு வாரங்களில் எஞ்சியிருப்பது நீதிமன்றத் தொகையோ சுவரின் பூஞ்சணமோ அல்லாமல், ஒரே அறையில் எல்லோரும் நெருங்கிப் படுத்த மூன்று இரவுகளாகவும் இருக்கலாம். அவ்வாறாயினும் நிறுவனத்தின் தவறு தவறே. அவ்விரவுகள் அது விற்றவையல்ல. அக்குடும்பம் தானே ஆக்கிக்கொண்டவை.